கேஸ்கட் ரெண்டு போட்டவர்

கோட்டைக்குப்பத்திலிருந்து எளாவூருக்கு ஓடும் அந்தப் பழைய ஷேர் டாக்சியின் டிரைவருக்குப் புருவத்தில் எப்போதும் கரி, வாயில் எப்போதும் பெருமை. சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடம் சூட்டில் கோணிப்போய், புகை வண்டிக்குள்ளேயே வந்தது. கோணலைத் தேய்த்துச் சமமாக்காமல், இடுக்கை அடைக்கும் கேஸ்கட் தகட்டை ஒன்றுக்கு ரெண்டாக வைத்து முடுக்கியிருந்தார் மகாபுத்திசாலி.

வாயும் வயிறுமாக இருந்த மகளோடு பின்சீட்டில் என் பக்கத்தில் வந்த மீன்காரம்மா அதட்டினார்: "இன்னாய்யா, பொண்ணுக்குத் தலை சுத்துது!"

"ரெண்டு கேஸ்கட் போட்டுக்கீறேன், எங்கம்மா கசியும்?"

"கோணவாயில எத்தினி வெத்தல திணிச்சாலும் எச்சி ஒழுகத்தான்யா செய்யும். நிறுத்து வண்டிய!"

எல்லோரும் இறங்கிவிட்டோம். கசிவே இல்லை என்று எங்களுக்குக் காட்ட, மனிதர் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டுத் தனியாக ஓட்டிப்போனார். உள்ளே அவர் இருமிக் குலுங்குவது வெளியே தெரிந்தது. யாருக்காக அப்படி ஒரு வீம்போ!