குலுக்காத மருந்து

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவளுடைய அக்கா மட்டும் அதைத் திருத்துவாள். "அவ மூக்கு மேல இருந்தது கோபம் இல்ல, கண்ணாடி. அந்தக் கனத்தைச் சுமந்து பாருங்க, உங்களுக்கும் கோபம் வரும்."

தடித்த கண்ணாடிதான். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர், அவள் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அவளை விடவில்லை. இரும்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, உச்சியில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அதே பெயரைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

அவள் வேலை கீழே. இரும்புத் தகடுகளைச் சங்கிலியில் மாட்டி, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று மேலே இருப்பவருக்குக் கை காட்ட வேண்டும். வேர்வையில் கண்ணாடி வழுக்கும். அதைத் தூக்கிவிட ஒரு கை போனால் மேலேயிருந்து குரல் வரும்.

"ஏய் சோடாபுட்டி, கை காட்டுறியா, கொசு ஓட்டுறியா?"

"கொசுவா இருந்தா எப்பவோ நசுக்கியிருப்பேன் அண்ணே. கீழ இறங்கி வாங்க, பார்க்கலாம்."

அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஏணி ஏறிப் போய், அவரிடமே கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் தூக்கினால் பாரம் ஆடாது. தொட்டிலில் பிள்ளையை இறக்குவது போல் இறக்குவாள். அவர் ஓய்வு பெறும் சமயத்தில் மேனேஜரிடம் அவளைத்தான் சொன்னார்.

மேனேஜர் சம்மதித்தார். ஆனால் கூண்டில் உட்காருபவர் கண்ணாடி இல்லாமல் கண் பரிசோதனையில் தேற வேண்டும் என்பது அங்கே விதி. கண்ணாடி நழுவினால் கீழே நிற்பவன் தலையில் இரும்பு விழும். விதி நியாயமானது என்று அவளுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. அநியாயமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சண்டை போட வழியில்லாததால் லேசர் சிகிச்சைக்குப் போனாள்.

கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு, அடியில் லேசர் பாய்ச்சினார்கள். தோல் தானாக மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். "ஆறும்போது உள்ள அழற்சி வரும். அதை அடக்கத்தான் இந்தச் சொட்டு மருந்து. இதைப் போடாம விட்டா ஆறுற இடத்துல மங்கல் படிஞ்சிடும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது." நர்ஸ் கீழிமையை இழுத்துச் சொட்டு விடும் விதத்தை அக்காவுக்குக் காட்டிக் கொடுத்து, பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

முதல் சில நாட்கள் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல் எரிந்தது. திரையை இழுத்துவிட்ட அறையில் படுத்துக்கொண்டு டாக்டரை, மேனேஜரை, எரிகிற பல்பைக்கூட அவள் திட்டினாள். அக்கா ஒரு வேளையும் தவறவிடவில்லை. கை கழுவுவாள், துடைப்பாள், தங்கையின் தலையை மடியில் சாய்ப்பாள், ஒரே சொட்டு. பிறகு பாட்டிலை அலமாரியில், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல் அசங்காமல் வைப்பாள்.

அது அவள் தொழில் கொடுத்த பழக்கம். அக்கா மரச்சாமான்களுக்கு வார்னிஷ் பூசுகிறவள். வார்னிஷ் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே காற்று ஏறும். பூசிய பலகை முழுக்கக் கொப்புளம் நிற்கும். அவள் பூசிய கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்தக் கைக்கு, எந்த டப்பாவானாலும் குலுக்கத் தோன்றாது.

எரிச்சல் அடங்கியதும் பார்வை தெளிந்தது. ஜன்னலில் நின்று எதிர்க்கடைப் பலகையைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டு, "அக்கா, அவங்க பலகையில தப்பா எழுதியிருக்காங்க" என்று அதற்கும் கோபப்பட்டாள். ஆனால் வாரங்கள் போகப் போக அந்தப் பலகை மறுபடி மங்கியது. விளக்குகளைச் சுற்றிப் புகை வளையம் நின்றது. கண் ஓரம் சிவந்தே கிடந்தது.

கிளினிக்கில் அன்று டாக்டர் இல்லை. இருந்த உதவியாளர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கண்ணைக் கசக்கினீங்களா?"

"இல்ல."

"வெயில்ல சுத்தினீங்களா?"

"வீட்டை விட்டே போகலை."

"சில பேருக்கு இப்படித்தான் இருக்கும். மருந்தைப் போடுங்க, ஆறிடும்."

"சில பேருன்னா யாரு? நான் ஒருத்திதானே எதிர்ல உட்கார்ந்திருக்கேன்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பாட்டில் தீரும் தறுவாயில் ஒரு காலை, அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினாள். விழுந்த சொட்டு கன்னத்தில் வழிந்தது. துடைத்த கைக்குட்டையைத் தங்கை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன, வெள்ளையா வருது?"

"அதே மருந்துதான்டி."

"இத்தனை நாள் தண்ணி மாதிரிதானே இருந்தது?"

அக்கா பாட்டிலின் சொட்டு முனையைக் கழற்றி உள்ளே பார்த்தாள். அடியில் சுண்ணாம்பு போல் அப்பிக் கிடந்தது. மருந்தின் சத்து முழுவதும் கீழே படிந்துவிட்டது. இத்தனை நாளும் கண்ணுக்குப் போனது மேலாக நின்ற தெளிந்த நீர்.

"நீ குலுக்கவே இல்லையா?"

"குலுக்கினா கொப்புளம் வராதா?"

"என் கண்ணு என்ன கதவா அக்கா, நீ வார்னிஷ் அடிக்க?"

தலையணை பறந்தது. அடுத்து ஒரு டம்ளர். அக்கா டம்ளரைப் பொறுக்கி வைத்துவிட்டு, பாட்டிலை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளின் மடிப்பு ஓரத்தில் எறும்பு வரிசை போல் ஒரு வரி இருந்தது. மெல்லப் படித்தாள். "பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்."

தங்கை எழுந்து செருப்பை மாட்டினாள். "கண்ணை உரிச்சு அனுப்புறவங்க, எறும்பு எழுத்துலயா சொல்லி அனுப்புவாங்க? வா."

டாக்டர் இருந்தார். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தார். அழற்சி அடங்கவில்லை, மங்கல் படிய ஆரம்பித்திருக்கிறது, லேசானதுதான், மருந்தை ஒழுங்காகப் போட்டால் கரையும் என்றார். கண்ணின் அழுத்தத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம்.

"அடுத்த வாரம் எனக்குக் கண் டெஸ்ட் டாக்டர். அதுல தேறலைன்னா அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆளைக் கொண்டாந்துடுவாங்க."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? பாட்டில்லயே எழுதியிருக்கு. உங்க அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

அக்கா தலை குனிந்தாள். காலையில் டம்ளரை வீசியவள் அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க அக்காவை நான் திட்டுவேன். நீங்க திட்டக் கூடாது. ஒரு வேளைகூடத் தவறாம போட்டவ அவ. குலுக்கணும்னு ஒரு வார்த்தை, வாயால ஒரே ஒரு வார்த்தை, இங்க யாரு சொன்னீங்க?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அவள் மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "வணக்கம். பேஷண்ட் மருந்தைச் சரியா போடாததால ஆறுறதுக்குக் கொஞ்சம் தாமதம்..."

"முழுசா சொல்லுங்க டாக்டர்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குலுக்கிப் போடணும்னு நாங்க சொல்லிக் கொடுக்கலை," என்றார் டாக்டர். "தப்பு எங்க பக்கம். கண்ணு சரியாயிடும். அவங்களுக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க."

மறுமுனையில் மேனேஜர் யோசித்தார். "சரி, பழைய ஆபரேட்டரையே இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்றேன். கிரேன்ல யாரோ ஒரு ஆளை உட்கார வைக்க முடியாது."

புது மருந்தோடு வெளியே வந்தவள் நேராகப் போகவில்லை. பெஞ்சில் யார் கையில் அந்த மருந்து தெரிந்ததோ அவர்கள் முன்னால் நின்று, தன் பாட்டிலை ஓங்கி ஓங்கிக் குலுக்கிக் காட்டினாள். "இப்படிக் குலுக்கணும். உள்ள யாரும் சொல்ல மாட்டாங்க." ஒரு பெரியவர் பயந்துபோய் அவளுக்கு முன்னாலேயே குலுக்கிக் காட்டினார்.

கண் மெதுவாகத்தான் ஆறியது. சிவப்பு முதலில் போனது, பிறகு புகை. பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "அடுத்த வரி எங்க?" என்று அதட்டினாள். அவ்வளவுதான் இருக்கிறது என்றார்கள்.

கூண்டிலிருந்து இறங்கிய பழைய ஆபரேட்டர், "போ சோடாபுட்டி, ஏறு" என்றார்.

"கண்ணாடி எங்க இருக்கு அண்ணே, காட்டுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தாள்.

அக்கா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இன்னமும் அறைக்குள்ளிருந்து குரல் வருகிறது. "வார்னிஷைக் குலுக்கிடாதே அக்கா, கொப்புளம் வரும்!" இருட்டினால் தெருவிளக்கைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் மட்டும் அவளுக்கு மிச்சம் இருக்கிறது. அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர்.

"அது போகலைன்னா நான் போவேன்," என்கிறாள் அவள். "அவர்கிட்ட."