ஈப்போ வால்வுக்குப் போட்ட தீர்வை

மீரான் பாய்க்கு ரேடியோப் பைத்தியம் பிடித்தது அவருடைய அக்கா மலாயாவுக்குப் போன பிறகுதான். அதற்கு முன்னால் அவர் கையில் எடுத்த கருவி கத்தரிக்கோலும் கெஜக்கோலும் மட்டுமே. திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் அவர் துணி கிழித்துக் கொடுப்பார், நான் கணக்கு எழுதுவேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேரும் எனக்குக் காலையில் முதல் செய்தி அவரிடமிருந்துதான் கிடைக்கும். "சாமி, நேத்து சிலோன் தெளிவா கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் கிழக்கே போகணும்" என்பார். ஏதோ நடந்தே போகிறவர் மாதிரி.

கிழக்கே என்றால் மலாயாவில் ஈப்போ. அங்கேதான் அக்கா நசீரா இருந்தார். தாயில்லாத வீட்டில் மீரானுக்குச் சோறூட்டி, காதைத் திருகி ஓதப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்தவர் அந்த அக்காதான். ஐம்பத்தொன்றில் நிக்காஹ் முடிந்து, கணவர் ஜமாலோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். அப்புறம் வரவில்லை. நினைத்தபோது வந்துபோக மலாயா என்ன பக்கத்திலிருக்கிற ஜீயபுரமா? கடிதம் வரும். அதையும் ஜமால்தான் எழுதுவார். அக்காவுக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. "இங்கு யாவரும் சுகம், அங்கும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்" என்று எப்போதும் ஒரே பாட்டு. மீரான் பாய் படித்துவிட்டு மடித்து வைப்பார். "எங்க அக்கா இப்படிப் பேசாது சாமி. முதல்ல திட்டும், அப்புறம்தான் சாப்பிட்டியான்னு கேக்கும்" என்பார்.

ஒரு கடிதத்தில் ஜமால் பெருமையாக ஒரு சங்கதி எழுதியிருந்தார். ரேடியோக்காரர்கள் ஈப்போவுக்கு வந்து தமிழ்ப் பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதர் நிகழ்ச்சியில் அதைப் போடுகிறார்களாம். நசீராவும் பேசினாளாம். அன்றைக்கு மீரான் பாய் துணியைக் கோணலாகக் கிழித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்காவின் குரல் வாராவாரம் ஆகாசத்தில் போய்க்கொண்டிருக்கலாம், தன் காதில் மட்டும் விழவில்லை என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

கடையில் வாங்கும் ரேடியோவுக்கு நம்மைப் போன்றவர்கள் ஆசைப்பட முடியாது. அவர் தானே ஒன்று செய்துகொண்டிருந்தார். ஒரு பலகை, கையால் சுற்றிய கம்பிச் சுருள், பழைய ஹெட்போன், நடுவில் ஒரு வால்வு. வால்வு என்றால் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, சிம்னி விளக்குக்குத் தம்பி. இருந்த வால்வு சிலோனோடு களைத்துப்போய்விடும். மலாயா வரை எட்ட வேறு நம்பர் வேண்டும். மெட்ராஸுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதில், வெளிநாட்டுச் சாமான் வருவதையே சர்க்கார் இறுக்கிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். மச்சானுக்கு எழுதினார். இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.

ஐம்பத்தெட்டில் பார்சல் வந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனார். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் பார்சல் இருந்தது. இந்தப் பக்கம் சுங்கத் தீர்வை. அதைக் கேட்டதும் அவர் சிரித்தார், யாருடையதையோ தவறிச் சொல்கிறார்கள் என்று நினைத்து. அது அவருடைய மாதச் சம்பளத்துக்கு மேல்.

குமாஸ்தா பார்சலைத் திருப்பிக் காட்டினார். "அனுப்பினவர் போட்டிருக்கிற விலைக்குத்தான் தீர்வை. நாங்க என்ன பண்ண முடியும் சொல்லுங்க" என்றார். ஜமால் போட்டிருந்த விலையைப் பார்த்தால் உள்ளே இருப்பது வால்வா வைரமா என்று சந்தேகம் வந்துவிடும். உண்மை விலையைப்போல் இருபது மடங்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் குடும்பங்களில் மச்சான் வீட்டுக்குச் சீர்த் தட்டு அனுப்பினால், நாலு பேர் நடுவில் வைத்து இன்ன விலை என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். குறைத்துச் சொன்னால் வாங்குகிறவரைக் குறைத்த மாதிரி. கஸ்டம்ஸ் சீட்டையும் ஜமால் ஒரு சபை என்றே நினைத்துவிட்டார்.

மீரான் பாயின் மனைவி ஹாஜிரா அப்போது தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். சேர்த்து வைத்ததெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. பார்சலைத் தொட்டாவது பார்க்கலாமா என்று மீரான் பாய் கேட்டார். குமாஸ்தா நல்ல மனுஷன், கையில் கொடுத்தார். மீரான் பாய் அதைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். உடையவில்லை என்றார். திருப்பிக் கொடுத்தார்.

"போகட்டும் சாமி. மச்சானுக்கு விவரமா எழுதுறேன். சரியான விலை போட்டுத் திரும்ப அனுப்பிடுவாரு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

எங்களுக்குத் தெரியாதது ஒன்று. அப்படித் திரும்பும் பார்சலில் 'ஏற்க மறுத்துவிட்டார்' என்று முத்திரை குத்துவார்கள். பெண் எடுத்த வீட்டிலிருந்து அனுப்பிய தட்டு அந்த முத்திரையோடு திரும்பி வந்தால், அவர்களுக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான். ஜமாலின் கடைசிக் கடிதம் இரண்டு வரி. "நாங்கள் அனுப்பியதை வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள். நல்லது." மீரான் பாய் தீர்வையை விளக்கி எழுதினார், மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் இல்லை. பிறகு, இந்த விலாசத்தில் இல்லை என்று அவர் கடிதமே திரும்பி வந்தது. துணி அடுக்குகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதார். கடையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கூப்பிடவில்லை.

அதோடு ரேடியோவை விட்டிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது முன்னைவிட அதிகமாகத் தேட ஆரம்பித்தார். கடிதம் இருந்தவரை அக்கா எங்கேயோ ஓரிடத்தில் இருந்தார். இப்போது அந்த ஆகாசத்தைத் தவிர அவரைத் தேட வேறு இடமில்லை.

அறுபத்துமூன்றில் மன்னார்புரத்து அற்புதசாமி, பட்டாளத்தில் வயர்லெஸ்ஸில் இருந்தவர், தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அதே நம்பர் வால்வு ஒன்றைச் சும்மா எடுத்துக் கொடுத்தார். கிழக்கு திறந்துகொண்டது. வெள்ளிக்கிழமை எங்கள் கடை அரைநாள்தான். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மத்தியானம், ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு மீரான் பாய் உட்கார்ந்துவிடுவார். பல வெள்ளிக்கிழமைகள் யார் யாரோ பேசினார்கள். ஒருவருக்கும் அந்தக் குரல் இல்லை.

அன்றைக்கு நான் அவர் வீட்டில் இருந்தேன். ஹெட்போனைப் பிரித்து ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டிருந்தோம். ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் தைப்பிங்கிலிருந்து நசீரா என்று அறிவிப்பாளர் சொன்னார். மீரான் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். நோன்புக் கஞ்சி வைக்கும் விதத்தை அந்த அம்மாள் சொன்னார். பூண்டைக் குறைத்தால் அது கஞ்சியே இல்லை என்று ஒரு அதட்டலும் போட்டார். அதட்டலைக் கேட்டதும் மீரான் பாயின் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"திருச்சிக் கைப்பக்குவம்னு சொன்னீங்க. அங்கே உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"இருந்தாங்க" என்றார் அக்கா.

அவ்வளவுதான். பாட்டு வைத்துவிட்டார்கள். என் மணிக்கட்டை அவர் விடவில்லை. "பாய், அந்த ஸ்டேஷனுக்கே எழுதுவோம்" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

என் குரலைக் கேட்டு ஹாஜிரா உள்ளேயிருந்து வந்து நின்றார். மாமியார் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, நாத்தனாரின் முகத்தைப் படத்தில்கூடப் பார்க்காதவர்.

"மச்சி பேசினாங்களா? நம்மளப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

மீரான் பாய் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சொல்லுச்சு. தம்பி நல்லா இருக்கானான்னு கேட்டுச்சு" என்றார்.