பொட்டு வைக்காத அரவை மிசின்

அந்த ஆயுத பூஜையன்று மில்லில் எல்லா மிசினுக்கும் சந்தனப் பொட்டு இருந்தது. பெரிய அரவை மிசினுக்கு மட்டும் இல்லை. பிள்ளைகளே, நம் பொம்மிடியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது என்பார்கள். எனக்கு அந்த மிசின்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது அந்த மில். மலையிலிருந்து லாரியில் வெள்ளைக்கல் இறங்கும். மாவாகி கூட்ஸ் வண்டியில் ஏறிப் போகும். டீக்கடை, சைக்கிள் கடை, அங்கே வேலை பார்த்த, புதிதாகக் கல்யாணமான நான், எல்லாரும் அதை நம்பித்தான் இருந்தோம். பூஜையன்று போர்மேன் கையால்தான் பொட்டு. வேறு யாரும் வைக்கக் கூடாது.

“என்னாங்க, பெரிய மிசின உட்டுட்டீங்களே?” என்று கேட்டேன்.

“மறந்துட்டம்பா,” என்றார். கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. ஆனால் எழுந்து போய் வைக்கவில்லை.

முந்தின வாரம் வெளியூர் ஆட்கள் அந்த மிசினை அளந்ததை நான் பார்த்திருந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் போர்மேன். டீக்கடையில் பேச்சு கிளம்பியது.

“மொதலாளியோட சேந்துக்கினு நம்ம பொழப்ப விக்கறான்யா.”

“இல்லீங்க, வித்தது தெரிஞ்சுதான் பொட்டு வைக்க மனசு வரல.”

“மனசாம் மனசு! அப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?”

அதன் பிறகு அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். நானும் எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் என்னைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் கூப்பிட்டார். “மிசின் ஆந்திராவுக்குப் போவுது. நானும் போறன். உனக்கும் அங்க வேல கேட்டிருக்கன். வெள்ளிக்கிழம காலைல வண்டிக்கு வந்துரு. யார்கிட்டயும் சொல்லாத.”

அந்தக் கடைசி வார்த்தைதான் குத்தியது. நல்லது செய்கிறவர் ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? என்னைப் பிரித்து எடுத்துக்கொண்டு மற்றவர்களை அடக்கப் பார்க்கிறாரோ? உங்கள் அம்மாவிடம் சொன்னேன். “அந்தாளு பேச்ச நம்பி வூட்டக் காலி பண்றதா?” என்றாள்.

மில் இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம். ஊரில் பாதிப் பேர் வேலை தேடி ரயிலேறிப் போகிறார்கள். போன மாதமும் யாரோ டேப்போடு வந்து அந்த இடத்தை அளந்தார்கள், கம்பெனி வருகிறதாம். நீங்கள் கேட்டீர்கள், நம்பலாமா என்று. அதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போனேன், ஏறுவதற்கு அல்ல. அவர் உண்மையிலேயே போகிறாரா என்று பார்க்க. மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். போர்மேன் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் துண்டை விரித்துப் போட்டார். உட்கார வந்தவர்களிடமெல்லாம், “ஆள் வருதுங்க, ஆள் வருதுங்க,” என்றார். வண்டி நகர்ந்த பிறகும் அந்தத் துண்டை அவர் எடுக்கவில்லை.