குஷன் அக்காவும் இரண்டு அங்குலமும்

தொப்பென்று உட்காருகிறார் குஷன் அக்கா. எழுகிறார். மறுபடியும் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஓர் அசை அசைந்து, கண்ணை மூடிக் காதைக் கொடுக்கிறார். "இதுல ஒரு ஸ்பிரிங் முனகுது" என்று இருக்கையின் முதுகில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுகிறார்.

எண்பது வயதான சினிமா தியேட்டரைப் பழைய அழகு கெடாமல் புதுப்பிக்கிறார்கள். இருக்கைகள் குஷன் அக்காவின் பொறுப்பு. வாயோரத்தில் எப்போதும் நாலைந்து ஆணிகள். அவற்றை ஒதுக்கிக்கொண்டே சுத்தமாகத் திட்டவும் வரும். கிழிந்த மெத்தைகளுக்குள்ளிருந்து ஒரு பல்செட்டை எடுத்திருக்கிறார். உறைமேல் இதயம் வரைந்த, பிரிக்காத காதல் கடிதம் ஒன்றும் கிடைத்தது. அதைப் படிக்காமல் அதே மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். "படிச்சா யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அவங்க மூஞ்சியப் பார்த்து எப்படிப் பேசறது?"

சண்டை அகலத்தில் வந்தது. பழைய இருக்கை பதினேழு அங்குலம். அதில் மயிரிழைகூட மாறக்கூடாது என்றார் கட்டட நிபுணர். பத்தொன்பது வேண்டும் என்றார் அக்கா.

"கட்டடம் அப்படியே இருக்கு சார். ஜனங்க அப்படியேவா இருக்காங்க?"

"இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. இரண்டு மாத உழைப்பு.

சமாதானம் பேச வந்தார் புதுப்பிப்புக் குழுத் தலைவர். நல்ல ஆகிருதி. "நின்னுக்கிட்டே ஏன் சார், உக்காந்து பேசுங்க" என்று, பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்த பதினேழு அங்குலத்தைக் காட்டினார் அக்கா. உட்கார்ந்தார். பழையபடியே இருக்கட்டும் என்று தீர்ப்பும் சொன்னார். எழுந்தார்; இருக்கையும் கூடவே எழுந்தது. நிபுணர் இருக்கையைப் பிடித்து இழுக்க, சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் தலைவரைப் பிடித்து இழுக்க, இரண்டும் பிரிவதாக இல்லை. கடைசியில் அக்காதான் கைப்பிடியின் திருகாணிகளைக் கழற்றி அவரை மீட்டார்.

"பத்தொன்பதே போடும்மா" என்றார் தலைவர், இடுப்பைத் தடவிக்கொண்டு. நிபுணர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார்.

திறப்பு விழாவன்று பகல் காட்சி. எட்டாவது வரிசையில் அக்கா. திரையில் நாயகி விம்ம, அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அக்காவுக்கும் கண்ணீர் வழிந்தது. பின்வரிசையில் சிறப்பு விருந்தினர் சொகுசாகச் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி, ஷூவோடு, அக்காவின் தோளருகே புது வெல்வெட்டின் மேல் வைத்தார்.

அக்கா திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, மறு கையால் அந்த ஷூவின் மேல் பளாரென்று ஒன்று வைத்தார்.