ஜன்னலைப் பார்த்த நாற்காலி

எந்த லென்ஸ் வாங்கினாலும் ஸ்டூடியோக்காரர் முதலில் மனைவியைத்தான் படமெடுப்பார். அன்றும் அவளை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தார். பழைய 2.8 லென்ஸில் ஒரு படம், புதிய 1.4 லென்ஸில் ஒரு படம், வேறெதையும் மாற்றவில்லை.

"சீக்கிரம் முடிங்க. நேத்துலேர்ந்து தலை வெடிக்குது."

கணினியில் இரண்டையும் அருகருகே வைத்தார். "பாத்தியா, நம்பர் பாதிதான், ஆனா புதுசு நாலு மடங்கு வெளிச்சம் வாங்குது."

"அப்போ என் சுருக்கமும் நாலு மடங்கு தெரியுமே. பழசே போதும்."

சிரித்தபடியே அவள் கண்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பழைய படத்தில் அவை வெறும் இருட்டு. புதியதில் கருவிழிகளின் நடுவிலிருந்த கறுப்பு வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. வலது கண்ணில் கடுகளவு, இடது கண்ணில் மிளகளவு. ஒரே வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலச் சுருங்கியிருக்க வேண்டும்.

லென்ஸின் கோளாறாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, திரும்பி அவளை நேரில் பார்த்தார். இடது கண்ணில் அந்த வட்டம் சுருங்காமல் அப்படியே இருந்தது. தலைவலியோடு இப்படி இருந்தால் மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம் என்று எப்போதோ படித்திருந்தார்.

"என்னங்க, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?"

"செருப்பப் போட்டுக்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தலைவலிக்கா?"

அவர் வண்டிச் சாவியை மேசையெல்லாம் தேடினார்.

"கையிலதான வச்சிருக்கீங்க" என்றாள்.