மப்ளர் வீட்டுச் சுவர்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு மப்ளர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் அந்தச் சாம்பல் நிற மப்ளர் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஓட்டுநருக்குக் காற்றோடு பகை என்றால் யாராவது நம்புவார்களா? இவருக்குப் பகைதான். நாளெல்லாம் பக்கத்துச் சன்னலில் எதிர்காற்றை வாங்கிக்கொண்டு வருபவர், வீட்டிலாவது நிம்மதியாக இருக்கவேண்டும் என்று நினைத்தார். அதனால் ஒரு விடுமுறை நாளில், பேருந்துக் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டையை வாங்கி வந்து, வீட்டுச் சன்னல்கள் அத்தனைக்கும் ஒட்டினார். குளியலறை மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் அட்டை வைத்து அடைத்தார்.

"இனி எறும்புகூட உள்ள வராது" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

எறும்பு வரவில்லை. பூசணம் வந்தது. குளிர்காலம் தொடங்கியதும் காலையில் சன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் கோத்து வழிந்தது. மகளின் அறையில், பீரோவுக்குப் பின்னால், மூலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. துணியில் ஈரவாடை அடித்தது. சின்ன வயதிலிருந்தே மகளுக்கு மூச்சிளைப்பு உண்டு. அது இப்போது விடாப்பிடியாக வந்து உட்கார்ந்தது. கல்லூரிக்குப் பாதி நாள் போனால் அதிகம். கடைசியில் ஒரு பையில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்த ரூமு சரியானா வர்றேம்பா. இல்லன்னா அடுத்த செமஸ்டர்லேருந்து ஹாஸ்டல்ல சேந்துடுறேன்."

மகள் இல்லாத வீடு மப்ளருக்குச் சாப்பாடு இறங்காத வீடு. சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தார். இரண்டு வாரத்தில் புள்ளிகள் மறுபடி எட்டிப்பார்த்தன. விலை கூடிய பெயின்ட் அடித்தார். அதற்கும் மேலே பூத்தது. பிறகுதான் அவருக்குக் குற்றவாளி அகப்பட்டார்: மேல்வீட்டுக்காரர். அவர் வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று மாடிப்படியில் நின்று ஒரு கச்சேரியே வைத்தார். மேல்வீட்டுக்காரர் பாவம், சாதுவான மனிதர். பிளம்பரை வரவழைத்துக் குழாய் போகும் இடத்தை உடைத்தே காட்டினார். உள்ளே சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. மப்ளர் கீழே இறங்கி வந்தார்.

அந்த வாரம் ஒரு மழைநாள் மாலை, மகளைப் பார்க்கப் போவதற்காக மனைவி அவருடைய பேருந்திலேயே ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நிறைய நனைந்த சனம். எல்லாச் சன்னலும் மூடியிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் முன்கண்ணாடி மங்கியது. மப்ளர் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ப் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் திறந்தது.

"டிரைவர், சாரல் அடிக்குது!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"அடிக்கட்டும் சார். உங்க மூச்சும் ஈரத்துணியுந்தான் கண்ணாடில உக்காந்திருக்கு. காத்து வந்தாத்தான் அது வெளிய போகும். நான் ரோட்ட பாக்க வேணாமா?"

கண்ணாடி மெல்லத் தெளிந்தது. முன்சீட்டிலிருந்து மனைவியின் குரல், வண்டி முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"இத வீட்டுல யாரு சொல்றது? அங்க குளிக்கிற ஆவி, சோறு வடிக்கிற ஆவி, கொடில காயிற துணி எல்லாத்தையும் உள்ள வெச்சு பூட்டிட்டு, மேல்வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்கு போனீங்களே!"

நடத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். மப்ளர் காது சிவந்து, அடுத்த நிறுத்தத்தைத் தாண்டியே வண்டியை நிறுத்தினார். பின்னால் ஓடிவந்து ஏறியவர்கள் திட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பட்டைகளைப் பிய்த்தார். தான் ஒட்டியதைத் தானே பிய்ப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, நகமே பெயர்ந்தது. துவாரத்து அட்டையை எடுத்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தார். துணிக்கொடி மொட்டைமாடிக்குப் போனது. குளித்தால் குளியலறைக் கதவைச் சாத்தவேண்டும், சமைத்தால் பாத்திரத்தை மூடிச் சன்னலைத் திறக்கவேண்டும், காலையில் கண்ணாடியில் ஈரம் கண்டால் துடைத்துவிடவேண்டும் என்றெல்லாம் வீட்டில் சட்டம் வந்தது. சட்டம் போட்டது மனைவி. அதிகம் மீறியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மேல்வீட்டுக்கும் போனார். "தண்ணி உங்க வீட்டுது இல்லீங்க. எங்க வீட்டு மூச்சுதான். மன்னிச்சுக்கோங்க" என்றார். அந்த மனிதர் காப்பி கொடுத்து அனுப்பினார்.

சுவர் உடனே மனம் மாறவில்லை. மூலையில் ஒரு மங்கல் பல நாள் அடம்பிடித்தது. மப்ளர் வேலைக்குப் போகுமுன் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், வந்ததும் வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு திரிந்தார். மாதக் கடைசியில் சுவர் உலர்ந்திருந்தது. புதிதாக ஒரு புள்ளியும் இல்லை.

மகள் வந்தாள். "ரெண்டு நாள் இருந்து பாக்குறேன்" என்றுதான் வந்தாள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. முதல் நாள் நன்றாகத் தூங்கினாள். இரண்டாம் நாளும் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை மப்ளர் குளித்துவிட்டு, பழக்கதோஷத்தில் குளியலறைக் கதவை ஆவென்று திறந்துபோட்டுவிட்டு, ஈரத்துண்டை மகளின் அறைக் கதவில் தொங்கவிட்டார்.

"அப்பா! கதவ சாத்துங்கன்னு அம்மா எத்தன தடவ சொல்லியிருக்காங்க, ஆவியெல்லாம் என் ரூமுக்குத்தான் வருது, ஈரத்துண்ட போட வேற எடமே கெடைக்கலையா, இவ்ளோ கஷ்டப்பட்டு செவுத்த காயவெச்சதே நீங்கதான, மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணுமா, உங்கள என்ன பண்றதுன்னே தெரியல!"

வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிய பெண். இப்போது எங்கேயும் நிற்கவில்லை. மப்ளர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க, பதில் சொல்லுங்க!" என்று அடுக்களையிலிருந்து மனைவி கத்தினாள்.

"நீ நடுவுல பேசாத" என்றார் மப்ளர். "அவ முழுசா திட்டி முடிக்கட்டும்."