நிற்காமல் இறங்கிய கலவை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலையில், விராலிமலைக்குப் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில் நடந்தது இது. நான் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது "எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல் எனக்குப் பொழுது போகாது என்று என் கணவர் கேலி செய்வார். பொய்யில்லை.

அந்த ஊர் நூலகர் சக்கர நாற்காலியில் வருபவர். வாசலில் ஆறு படிகள். காலையில் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே விடுவார்கள், சாயங்காலம் தூக்கி இறக்குவார்கள். தூக்குகிறவர்கள் வர லேட்டானால், நூலகம் திறக்காமல் வாசலிலேயே வெயிலில் காத்திருப்பார். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அவருக்காகச் சாய்தளம் போடும் வேலை எங்களுக்கு வந்தது. அதைச் சிமென்ட் இல்லாத கான்கிரீட்டில் போடலாம் என்று ஒப்பந்ததாரரிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியவள் நான். அனல் மின்நிலையச் சாம்பலும் இரும்பு ஆலைக் கசடுத் தூளும்தான் சரக்கு. அவற்றைப் பிணைக்க ஒரு காரக் கரைசல். சிமென்ட்டைச் சூளையில் சுடும்போது வரும் புகை அத்தனையும் இதில் கிடையாது. ஒப்பந்ததாரர் அரை மனதாகத்தான் தலையாட்டினார். இது சொதப்பினால் இருக்கிற படிகளே போதும், சாய்தளப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கலவை தயாரானதும் கொத்தனார் மம்பட்டியைப் போட்டுவிட்டு முகம் சுளித்தார். பாகு மாதிரி ஒட்டுகிறது, இழுக்கவே வரவில்லை, ஒரு குடம் தண்ணீர் விடலாம் என்றார். கலவை கெட்டியாகத் தெரிந்தால் குடத்தைக் கவிழ்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் விடவில்லை. இதில் தண்ணீர் கூடினால் கரைசல் நீர்த்து, பலமே போய்விடும். அந்த விஷயத்தில் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தத் தெம்பு தலைக்கு ஏறிவிட்டது, அதுதான் வினை.

கலவையின் இளக்கத்தைப் பார்க்க, தட்டின் மேல் வைத்த ஓர் இரும்புக் கூம்பில் அதை நிரப்பி, கூம்பைத் தூக்கி, குவியல் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்போம். சிமென்ட் கலவை சட்டென்று தாழ்ந்து நின்றுவிடும். அதே பழக்கத்தில் தூக்கினேன், அளந்தேன், எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். தட்டைக் கழுவ வந்த சித்தாள், என் வயதுப் பெண், குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது இன்னும் எறங்கிக்கிட்டே இருக்குங்க."

"அதெல்லாம் நின்னுருச்சும்மா. எனக்குத் தெரியும். நீங்க கழுவுங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து மணிக்கெல்லாம் சாய்தளம் முழுக்கக் கொட்டி, சமன் செய்து, சரிவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. பெருமையாக ஒரு போட்டோ எடுத்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போனேன். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டேன், அந்தப் பெண் ஓடி வந்தார். கலவையை அடைத்து நிறுத்த வைத்திருந்த கீழ்ப்பக்கத்துப் பலகை பிதுங்குகிறதாம்.

டீயை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல்பக்கம் மெலிந்து, கீழ்ப்பக்கம் தொந்தி போட்டிருந்தது. மம்பட்டிக்கு மசியாத அதே கலவை, யாரும் தொடாமலே மெள்ள மெள்ள வழிந்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் சீக்கிரமே இறுகிவிடும். இப்படியே இறுகினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், சாய்தளமும் அதோடு போச்சு. நூலகர் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"வயல்ல சரிவா இருந்தா வரப்பு போட்டுத்தானங்க தண்ணிய நிப்பாட்டுறோம். குறுக்க பலகை வச்சுப் பாப்பமா?" என்றார் அந்தப் பெண்.

ஐந்து இடத்தில் குறுக்கே பலகை நட்டோம். கீழே சேர்ந்திருந்ததைக் கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே மேலே இழுத்தார். ஆனாலும் எல்லோரையும்விட வேகமாக இழுத்தது அவர்தான். ஒவ்வொரு பாத்தியாக நிரப்பி, கலவை இறுகும்வரை பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு பலகைகளை எடுத்து, இடைவெளிகளை நிரப்பினோம். சரிவு அப்படியே நின்றது. அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம், "காலையிலயே சொன்னீங்க, நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது" என்றேன். வேலை கெடாமல் போயிற்றே, விடுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டு அவர் கையுறையைக் கழுவப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து, நூலகர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி மேலே வந்து, பூட்டைத் திறந்தார். யாரும் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பியபோது, பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

சிமென்ட் இல்லாமல் சாய்தளம் போடலாம் என்று நான் சொன்னது சரிதான், அதை இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அது இன்று நிற்பது, நான் பார்க்காமல் திரும்பிவிட்டதை இன்னொருத்தி நின்று பார்த்ததால்தான் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.